மல்லாத்திப் பார்த்த பூச்சி

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்த இரவு. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர். திண்ணையில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தபோது தட்டில் 'டிக்' என்று ஏதோ விழுந்தது. கறுப்பாக, கடுகை நீட்டி விட்டது போல ஒரு பூச்சி. எடுத்து வீசுவதற்குள் சட்னியில் இன்னொன்று. அண்ணாந்து பார்த்தால் விளக்கைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மொய்க்கின்றன. சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக ஊர்கின்றன. ஒன்று சட்டைக் காலருக்குள் போய்விட்டது. தட்டிவிடுகிறேன் என்று நசுக்கித் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு தோசை இறங்கவில்லை. வாடிப்போன கொத்தமல்லிக் கட்டைக் கசக்கி, மேலே நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் ஒரு வாடை வருமே, அதுதான். சோப்பு போட்டுக் கழுவியும் விரலில் காலைவரை இருந்தது.

"மொதல்ல லைட்ட அணைடா. லைட்டு எரிஞ்சா அது வந்துக்கினேதான் இருக்கும்" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து. அவளுக்கு அது நாத்தப்பூச்சி. வருசா வருசம் வருகிறது, நாலு நாள் இருக்கிறது, போய்விடுகிறது. அதற்கு மேல் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒன்றுமில்லை.

அப்பாவுக்கு அப்படி இல்லை. அவருக்கு மழை விட்டதும் அரைக் காணி நெல், மார்கழியில் ஒரு ஏக்கர் மல்லாட்டை. (தெற்கத்திக்காரர்களுக்கு: வேர்க்கடலைதான். மணிலாக்கொட்டை என்பது எங்கள் வாயில் மல்லாட்டையாகத் தேய்ந்துவிட்டது.) டார்ச்சை அடித்துச் சுவரைப் பார்த்தவர், "இது களத்துல வர்ற பூச்சிதான். மல்லாட்டையில எண்ணெய உறிஞ்சிட்டுப் போயிடும்" என்றார். காலையில் அம்மா பெருக்கித் தள்ளிய குவியலிலிருந்து பத்துப் பதினைந்தைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் 450 ரூபாய்க்கு ஒரு பாட்டில் இருந்தது. கடைக்காரர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்து, நெல்லுக்கு வரும் கருநாவாய்ப்பூச்சி என்று சொல்லிவிட்டாராம்.

ஆக ஒரே பூச்சிக்கு ஒரே வீட்டில் ஒரே காலையில் மூன்று பெயர். மூன்றாவது பெயருக்கு 450 ரூபாய்.

எனக்குப் பூச்சிகள் மேல் ஐந்தாறு வருடமாக ஒரு கிறுக்கு உண்டு. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் ஒரு பெரிதாக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செடி செடியாக அலைவேன். அந்தத் திமிரில், "இருங்கப்பா, தெளிக்காதீங்க. இது என்னான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு மத்தியானத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஐந்து மாதம் இழுத்தது.

முதலில் சுலபமானது. இது வண்டு இல்லை. ஊரில் எல்லாரும் வண்டு என்றுதான் சொன்னார்கள், பார்வைக்கும் அப்படித்தான் பளபளவென்று இருந்தது. ஆனால் வண்டுக்கு முதுகின் இரண்டு ஓடுகளும் நடுவில் நேர்கோட்டில் சேரும். சட்டைக்குப் பொத்தான் வரிசை போல. இதற்கு அப்படி இல்லை. முன்சிறகின் மேல்பாதி தோல் போலத் தடித்தது, கீழ்ப்பாதி வெங்காயத்தோல் போல மெல்லியது. ஒன்றின் மேல் ஒன்று மடிந்து கிடக்கிறது. முதுகின் நடுவே ஒரு முக்கோணம் தெரிகிறது. தலைக்கு அடியில் ஊசி போல ஒரு குழல், மார்போடு ஒட்டி மடிந்திருக்கிறது. கடிக்கும் வாய் இல்லை, உறிஞ்சும் வாய். வேளாண்மைத் துறைத் துண்டறிக்கைகளில் நாவாய்ப்பூச்சி என்று எழுதுவார்களே, அந்தக் கூட்டம். நாவாய் என்றால் கப்பல். இந்தக் கப்பலைக் கவிழ்க்காமல் பெயர் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்தது அப்பாவின் பெயர். அவர் சொன்ன களத்துப் பூச்சி எனக்கும் தெரியும். மல்லாட்டையைப் பிடுங்கிக் காயப்போட்டிருக்கும்போது குவியலுக்கு அடியில் சரசரவென்று ஓடும். அறிவியல் பெயர் எலாஸ்மோலோமஸ் சோர்டிடஸ். அது பருப்பை உறிஞ்சினால் பருப்பு சுருங்கும், எண்ணெய் காறும், செக்குக்காரர் முகத்தைச் சுளிப்பார். ஆனால் அது பழுப்பு, ஒல்லி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். இது அதில் பாதிகூட இல்லை. உருவத்தை நம்ப வேண்டாம் என்றால் மீசையை எண்ணலாம். களத்துப் பூச்சியின் உணர்கொம்பில் நான்கு துண்டு, இதற்கு ஐந்து. அப்பாவிடம் நகைக்கடைக் கண்ணாடியைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி அது, பிளாட்பாரத்தில் வாங்கியது. இரண்டு தடவை எண்ணினார். "அஞ்சுதான்" என்றார். தோற்றுப்போன குரல் இல்லை, ஆர்வமான குரல். அங்கேதான் அவரும் இதில் மாட்டிக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

கடைக்காரரின் பெயரைத் தள்ளுவது கொஞ்சம் சிரமம். நெல்லின் கருநாவாய்ப்பூச்சியும் கறுப்புதான், அதுவும் கூட்டமாக விளக்குக்கு வரும், அதுவும் நாறும். தீப்பெட்டிக்குள் செத்துக் கிடப்பதைக் கண்ணாடி போடாத கண்ணால் பார்த்து அவர் அப்படிச் சொன்னதில் தப்பில்லை என்பேன். பார்த்த கையோடு பாட்டிலை எடுத்து நீட்டியதில்தான் எனக்கு வருத்தம். வித்தியாசம் முதுகு முக்கோணத்தில் இருக்கிறது. நெல்லுப் பூச்சிக்கு அது நாக்கு போல நீண்டு, உடம்பின் வால்முனை பக்கம்வரை போய்விடும். நம் பூச்சிக்கு முக்கோணம் முக்கோணமாகவே நின்றுவிடுகிறது, அதற்குப் பின்னால் சிறகின் மெல்லிய பகுதி நன்றாகத் தெரிகிறது. இதே முக்கோணம் மொச்சை, அவரைக் கொடியில் மொய்க்கும் குண்டுப் பூச்சிக்கு முதுகு முழுவதையும் மூடிவிடும். ஒரே உறுப்பு, மூன்று அளவு, மூன்று குடும்பம்.

சரி, இது இல்லை, அது இல்லை. அப்புறம் எது?

நாலைந்து படம் எடுத்து, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் கைபேசிச் செயலியில் போட்டேன். முதல் படத்துக்கு ஏதோ ஒரு வண்டின் பெயர் வந்தது. இரண்டாவதுக்கு இன்னொரு வண்டு. மூன்றாவது படத்துக்குத்தான் சிட்னிடே என்று வந்து, அதோடு நின்றுவிட்டது. மண்ணுக்குள் துளைத்து வாழும் நாவாய்ப்பூச்சிக் குடும்பம். உலகம் முழுக்க 700-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். பெரும்பாலானவை கறுப்பு அல்லது கரும்பழுப்பு, பெரும்பாலானவை முட்டை வடிவம், பெரும்பாலானவை பளபளப்பு. முதுகுப் பக்கம் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இதற்குள் ஒன்றைத் தேடுவது, கல்யாணப் பந்தியில் வெள்ளைச் சட்டை போட்ட மாமாவைத் தேடுவது மாதிரி.

இரண்டாம் நாள் இரவு விளக்கைப் போட்டு மறுபடி பிடித்தேன். (அம்மாவின் முகத்தை எழுதவில்லை.) ஐந்தாறைப் பஞ்சில் வைத்து ஜன்னல் ஓரம் காயவிட்டேன். காலையில் பார்த்தால் பஞ்சில் ஒற்றைக் கால் இருந்தது. எறும்பு வரிசை சுவர் முழுக்க. அந்த நாற்றத்துக்கு எறும்பு வராது என்று நான் போட்ட கணக்கு தப்பு. மூன்றாம் நாள் பிடித்தவற்றை ஊசிமருந்துக் குப்பியில் சாராயத்தில் போட்டு மூடினேன். நான்கை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டேன்.

அந்த நான்குதான் உண்மையில் எனக்கு இந்தப் பூச்சியைக் காட்டின. காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈரச் செம்மண்ணை அமுக்காமல் நிரப்பி மேலே விட்டேன். ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஒரு சின்ன மண்கட்டிக்குப் பக்கத்தில் தலையைத் தாழ்த்தியது. தலையின் முன்விளிம்பு சட்டுவம் போலத் தட்டையானது. அதைக் கட்டிக்கும் தரைக்கும் நடுவில் செருகுகிறது. முன்கால்கள் இரண்டும் நீச்சலடிப்பது போல மண்ணைப் பக்கவாட்டில் ஒதுக்குகின்றன. நடுக்காலும் பின்காலும் முள்ளை மண்ணில் ஊன்றி உடம்பை முன்னுக்குத் தள்ளுகின்றன. நான் கைபேசியை எடுத்து ஃபோகஸ் செய்வதற்குள் மண்ணுக்குள் போய்விட்டது, மேலே துளைகூடத் தெரியவில்லை. வெளியே வரும்போது மேலே ஒரு துளி மண் ஒட்டியிருக்கவில்லை. ஈரச் செம்மண் எங்கள் செருப்பில் எப்படி அப்பும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அந்தக் கால்களைப் பார்க்கத்தான் முதன்முதலாகப் பூச்சியை மல்லாத்தினேன். ஒரு வெள்ளை அட்டையில் இரட்டைப் பக்க டேப், அதன்மேல் முதுகு ஒட்ட ஒரு பூச்சி. ஜன்னல் வெயில், நகைக்கடைக் கண்ணாடி. முதலில் கண்ணில் பட்டது முட்கள். காலின் நீளத் துண்டு, புத்தகங்களில் டிபியா, முழுக்கத் தடித்த முட்கள். நடுக்காலிலும் பின்காலிலும் வரிசை வரிசையாக. முன்காலில் அந்தத் துண்டே சப்பையாகி, வெளிவிளிம்பில் முள் நெருங்கி, தேங்காய்த் துருவி போல இருக்கிறது. அந்தச் சின்னப் பாதம் மண் தோண்டும் இடத்தில் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகத் தொங்குகிறது.

பிறகு காலின் அடியை, அது உடம்போடு சேரும் இடத்தைப் பார்த்தேன். அங்கே இருக்கும் முதல் துண்டுக்கு காக்சா என்று பெயர். நான் இடுப்பு என்றே சொல்லிக்கொண்டேன். அந்த இடுப்பின் விளிம்பில் சமமாக, நெருக்கமாக, மஞ்சளும் பழுப்புமான நிறத்தில் ஒரு மயிர் வரிசை. ஒவ்வொன்றும் தடித்து விறைத்திருக்கிறது. சின்ன ஈருளிச் சீப்பு. ஆறு காலுக்கும் ஆறு சீப்பு. காலின் மூட்டுக்குள் மண் புகுந்துவிடாமல் இதுதான் தடுக்கிறது என்கிறார்கள். இந்தச் சீப்புதான் இந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டும் முக்கியமான முத்திரைகளில் ஒன்று. என் படம் எதிலும் அது இல்லை. இருக்கவும் முடியாது. எல்லாப் படமும் முதுகுப் பக்கம் எடுத்தது.

அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைக் கண்ணில் ஒட்டி வெகுநேரம் பார்த்தார். "ஏண்டா, இவ்ளோ சின்ன உசுருக்குச் சீப்பு எவன்டா வெச்சான்" என்றார்.

சென்னைக்குத் திரும்பியதும் பழைய புத்தகங்களில் தேட ஆரம்பித்தேன். இந்தியப் பகுதியின் நாவாய்ப்பூச்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் போய் நிற்கும் வாசல் வில்லியம் லூகாஸ் டிஸ்டன்ட். 1845-இல் பிறந்த லண்டன்காரர். அப்பா திமிங்கல வேட்டைக் கப்பல் தலைவர். 1867-இல் அந்தக் கப்பலில் மலாய்த் தீபகற்பம்வரை போய் வந்ததில் பூச்சிப் பைத்தியம் பிடித்தது. பிழைப்புக்கு வெகுகாலம் தோல் பதனிடும் தொழில். அதோடு கூடவே பூச்சி. பிரிட்டிஷ் இந்தியாவின் நாவாய்ப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய தொகுதிகளில் முதலாவது 1902-இல் வந்தது, கடைசித் தொகுதி 1918-இல். நம் மண்பூச்சிகள் முதல் தொகுதியிலேயே இருக்கின்றன, அப்போது தனிக் குடும்பமாகக்கூட இல்லை, ஒரு துணைக்குடும்பமாக. தோல் மண்டியில் வேலை பார்த்துக்கொண்டு பூச்சி எழுதிய மனுசன் என்பதால் கணக்கு எழுதுகிற எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல். ஆனால் அவருடைய விவரிப்புகளை வைத்து என் பூச்சியைப் பிடிக்க முடியவில்லை. நிறம், பளபளப்பு, முதுகில் உள்ள நுண்குழிகளின் அடர்த்தி என்று போகிறார். கறுப்பு, பளபளப்பு, குழி உண்டு. என் பூச்சி அவருடைய பல பூச்சிகளுக்குப் பொருந்துகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க இன்னும் தொண்ணூறு வருடம் ஆனது. 1994-இல் போலந்துக்காரரான யெர்ஸி லிஸ், கீழைநாட்டு மண்பூச்சிகள் மொத்தத்தையும் எடுத்துத் திருத்தி ஒரு பெரிய வேலை செய்தார். டிஸ்டன்ட் மேலிருந்து பார்த்த இடத்தில் இவர் பெரும்பாலும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் பார்க்கிறார். தலையின் விளிம்பில் எத்தனை மயிர்க்குழி, எத்தனை முளை. சிறகின் வெளியோரத்தில் எத்தனை மயிர்க்குழி. நாற்றச் சுரப்பியின் வாய் எப்படி முடிகிறது. ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு என்ன வடிவம்.

நாற்றச் சுரப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், என் தோசையைக் கெடுத்தது அதுதான். வளர்ந்த பூச்சிக்கு இந்தச் சுரப்பியின் வாய் மார்பின் அடிப்பக்கத்தில், நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் இருக்கிறது. குஞ்சுகளுக்கு வயிற்றின் முதுகுப்புறம். வாயைச் சுற்றி ஒரு திட்டு. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்தது போலப் பளபளக்கும்போது இந்தத் திட்டு மட்டும் சொரசொரப்பாக, மங்கலாக, உப்புத்தாள் ஒட்டியது போல இருக்கும். வெளியே வரும் திரவம் உடம்பெல்லாம் பரவாமல் அங்கேயே பிடித்து வைத்து ஆவியாக்கும் தளம் அது. நான் கொத்தமல்லி என்று சொன்னதும் சும்மா இல்லை. கொத்தமல்லித் தழையின் வாசனைக்குக் காரணமான ஆல்டிஹைடு வகைகளும் நாவாய்ப்பூச்சிகளின் நாற்றத்தில் உள்ளவையும் நெருங்கிய உறவு. அந்த மங்கல் திட்டு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, அதன் ஓரம் எப்படி வளைகிறது என்பதை வைத்துத்தான் பேரினம் பிரிக்கிறார்கள். நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் அவர்கள் கண்ணை வைக்கிறார்கள்.

இதெல்லாம் என் பத்து மடங்குக் கண்ணாடிக்கு எட்டாது. இயற்கை நடையில் பழக்கமான ஒரு பெண், பூச்சியியல் ஆராய்ச்சி செய்கிறவர். அவரிடம் நல்ல நுண்ணோக்கி இருந்தது. கூப்பிட்டேன்.

"எத்தனை இருக்கு அண்ணா?"

"சாராயத்துல அஞ்சு."

"எந்த ஊர், என்னைக்குப் பிடிச்சீங்க, லைட்லயா மண்ணுலயா? எழுதி உள்ள போட்டிருக்கீங்களா?"

போடவில்லை. குப்பி மேல் 'நாத்தப்பூச்சி' என்று பால்பாயின்ட்டில் எழுதியிருந்தேன். சாராயம் பட்டு அதுவும் பாதி அழிந்து 'நாத்த' மட்டும் மிச்சம்.

"அண்ணா, லேபிள் இல்லாட்டி அது ஸ்பெசிமனே இல்ல. வெறும் செத்த பூச்சி" என்றார். நல்லவேளை, படங்களில் தேதி இருந்தது. பென்சிலால் தாளில் எழுதி உள்ளே போட்டுக் கொடுத்தேன். பென்சிலுக்கு சாராயம் ஒன்றும் செய்யாது. இது தெரியாமல் ஐந்து வருடம் இந்த வேலை செய்திருக்கிறேன்.

போகுமுன் அவர் ஒரு வேலை கொடுத்தார். பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் பூச்சியை எழுதிப் பாருங்கள், தமிழிலேயே எழுதுங்கள், படத்தைப் பார்க்காமல் பூச்சியைப் பார்த்து எழுதுங்கள் என்றார். மிச்சம் இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு எழுதினேன். அரைப் பக்கத்துக்கு நான்கு ராத்திரி ஆனது. அதிலிருந்து கொஞ்சம்:

"நீளம் நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட. நீள்முட்டை வடிவம், பின்பக்கம் கொஞ்சம் அகலம். மேலே கறுப்பு. வெயிலில் பிடித்தால் ஓரங்களில் பழுப்பு கசிகிறது. கால்கள் துருநிறம், முட்கள் அதைவிட இருட்டு. தலை தட்டை, முன்விளிம்பு அரைவட்டம், விளிம்பிலிருந்து மயிர்கள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. கண் பக்கவாட்டில் பாதி புதைந்திருக்கிறது. உணர்கொம்பு ஐந்து துண்டு, நுனித் துண்டுகள் உருண்டு மணி கோத்தது போல. முன்மார்புக் கவசம் நீளத்தைவிட அகலம் அதிகம், முன்பகுதி வழவழப்பு, பின்பகுதியில் ஊசியால் குத்தியது போலக் குழிகள். முதுகு முக்கோணத்திலும் அதே குழிகள். சிறகின் மெல்லிய பகுதி புகையடித்த கண்ணாடி, வயிற்றைத் தாண்டிக் கொஞ்சம் நீள்கிறது."

எழுதும்போதுதான் தெரிந்தது, ஒரு மாதமாகக் கூடவே வைத்திருந்தும் முன்மார்பில் குழி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை நான் பார்த்திருக்கவே இல்லை. 'முதுகில் குழி உண்டு' என்று மனசுக்குள் ஒரு வரி போட்டு முடித்திருந்தேன். டிஸ்டன்ட் மேல் நான் வைத்த குறையைக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அப்பா இதற்கிடையில் வாரம் ஒருமுறை போன் செய்தார். கேள்வி ஒன்றுதான். "மல்லாட்டைக்கு வருமா, வராதா?"

இது வெட்டிக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா, டெக்சாஸ் பக்கம் வேர்க்கடலை போடுகிறவர்களுக்கு இதே குடும்பத்தில் ஒரு பூச்சி பெரிய தலைவலி. பாங்கேயஸ் பைலினியேட்டஸ். 1825-இல் தாமஸ் சே பெயர் வைத்தது. மண்ணுக்குள் இருந்தபடியே கடலை ஓட்டின் வழியாக ஊசியை விட்டுப் பருப்பை உறிஞ்சும். வெளியே ஓட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடைத்து, பருப்பின் தோலையும் உரித்தால் மஞ்சளும் பழுப்புமாகத் தழும்பு இருக்கும். ஆழ உழுத நிலத்தில் குறைவு, உழாமல் வரிக்கு மட்டும் கீறி விதைத்த நிலத்தில் அதிகம். கொலம்பியாவில் மரவள்ளிக்கு இன்னொன்று, சிர்டோமெனஸ் பெர்கி. அது கிழங்கில் குத்திய இடமெல்லாம் பூஞ்சை புகுந்து கரும்புள்ளியாகிவிடும், அந்த ஊர் விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் பெரியம்மை. இனிப்பு மரவள்ளியை அது விரும்பும், சயனைடு தூக்கலான கசப்பு மரவள்ளியை அவ்வளவாகத் தொடாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பூச்சிகள், நம் ஊருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒரே குடும்பத்தில் ஒன்று கடலையைக் கெடுக்கிறது, ஒன்று மரவள்ளியைக் கெடுக்கிறது, மீதி நூற்றுக்கணக்கானவை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் களைச்செடி வேரையும் உதிர்ந்த விதையையும் உறிஞ்சிக்கொண்டு கிடக்கின்றன. குடும்பப் பெயரை வைத்து அப்பாவுக்குப் பதில் சொல்ல முடியாது.

தேடிக்கொண்டிருந்தபோது ஜப்பானில் இருக்கும் ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை. அடோமெரஸ் ட்ரைகட்டுலஸ். தாய்ப்பூச்சி சருகுக்கு அடியில் முட்டைகளை ஒரே உருண்டையாக இட்டு, அதன்மேல் படுத்துக் காவல் காக்கும். தொந்தரவு செய்தால் உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். குஞ்சு பொரித்ததும் நம் தும்பைக்கு உறவான ஒரு செடியின் விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து போடும். முட்டை உருண்டையோடு, பொரியாத முட்டைகளையும் சேர்த்து இடுகிறது. அவை குஞ்சுகளுக்குத் தின்னக் கொடுப்பதற்கென்றே இட்டவை. அதே பேரினத்தில் இன்னொன்று, அடோமெரஸ் ரொட்டண்டஸ், முட்டை பொரிக்கும் நேரம் வந்ததும் உருண்டையைப் பிடித்து உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிக்கும். அதிர்வு இல்லாவிட்டால் ஒன்று முன்னே ஒன்று பின்னே. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். சீமாற்றால் பெருக்கித் தள்ளினாயே, அதன் சொந்தக்காரி இப்படியாம் என்று. "ஜப்பான்ல இருக்கறதுக்குப் புத்தி இருக்குது. இங்க இருக்கறது என் கொழம்புல வந்து வுழுது" என்றாள்.

மாசி கடைசியில் பதில் வந்தது. நுண்ணோக்கியில் எடுத்த படங்களும் ஒரு வரியும். 'ஃப்ரோமுண்டஸ் cf. பிக்மேயஸ்' என்பதை அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், நடுவில் இருக்கும் அந்த இரண்டு எழுத்தைத் தமிழில் சொன்னால் 'ஒப்பிடுக'.

ஃப்ரோமுண்டஸ் பிக்மேயஸ் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றில்லை. ஆசியாவின் வெப்பப் பகுதிகளில் பரவலாக இருப்பது, பசிபிக் தீவுகள்வரை போனது, விளக்குக்கு வருவது. பிக்மேயஸ் என்றால் குள்ளன். பெயர் வைத்தவர் வில்லியம் டாலஸ், 1851-இல், லண்டன் அருங்காட்சியகத்தின் பூச்சிகளைப் பட்டியலிட்டபோது. பிற்பாடு டார்வினின் புத்தகங்களுக்குப் பெயர்ச் சுட்டும் அருஞ்சொல் விளக்கமும் தயாரித்துக் கொடுத்தவர் அதே டாலஸ். அவர் வைத்த குள்ளன் என்ற பாதிப் பெயர் அப்படியே நிற்க, முன்னால் இருக்கும் பேரினப் பெயர் மட்டும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. கொஞ்ச காலம் ஜியோடோமஸ், இப்போது ஃப்ரோமுண்டஸ்.

"அப்போ 'ஒப்பிடுக' எதுக்கு?" என்று கேட்டேன்.

"நாத்தச் சுரப்பி, தலை, அளவு எல்லாம் அதோடதான் பொருந்துது. ஆனா நீங்க குடுத்த அஞ்சும் பொண்ணு. ஒரு ஆணாவது இருந்தா உள்ள பிரிச்சுப் பாத்துட்டு அந்த ரெண்டு எழுத்த எடுத்துடுவேன்."

எறும்பு தின்ற அந்த ஐந்தாறில் ஆண் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நிச்சயம். ஆதாரம் ஒன்றும் கிடையாது.

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஐந்து மாதம், அதன் முடிவில் ஒரு 'ஏறக்குறைய'. ஆனால் யோசித்தால், கடைக்காரர் தீப்பெட்டியைத் திறந்த ஐந்தாவது நொடியில் எந்த ஒப்பிடுகவும் இல்லாமல் ஒரு பெயரைச் சொன்னார். இவர் எல்லாக் கருவியும் கையில் இருந்தும் இரண்டு எழுத்தை எடுக்க மறுக்கிறார். எனக்கு இவருடைய வேலைதான் பிடித்திருக்கிறது. அந்தக் குப்பியும் தாளும் இப்போது அவரிடம், 'ஆண் வேண்டும்' என்று அடிக்குறிப்போடு.

பங்குனியில் மல்லாட்டை பிடுங்க ஊருக்குப் போனேன். அப்பா மருந்து எதுவும் தெளிக்கவில்லை. பாட்டில் பரண் மேல் சீல் பிரிக்காமல் இருந்தது. நான் வருவதற்குள்ளேயே பத்துப் பதினைந்து செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, பருப்பின் தோலை நகத்தால் உரித்துப் பார்த்து வைத்திருந்தார். போனில் நான் சொன்ன ஜார்ஜியாத் தழும்பைத் தேடியிருக்கிறார். கரையான் அரித்த காய் நாலைந்து, புழு துளைத்தது ஒன்றிரண்டு, தழும்பு இல்லை. "நாம பாத்த வரைக்கும் இல்ல" என்றார். அந்த 'பாத்த வரைக்கும்' என்பதை அழுத்திச் சொன்னார்.

வரப்போரம் கோரை மண்டிய இடத்தில் களைக்கொத்தால் ஒரு கொத்து கொத்தினார். புரண்ட மண்ணில் கறுப்பாக ஒன்று ஓடியது. குனிந்து, ஈர்க்குச்சியால் நெம்பி, உள்ளங்கையில் விட்டு மல்லாத்தினார். அது ஆறு காலையும் உதைத்தது. வாடை எனக்கு நின்ற இடத்திலேயே வந்தது. அவர் மூக்கைச் சுளிக்கவில்லை.

"கண்ணாடி எங்க? குடு" என்று இன்னொரு கையை நீட்டினார். "ஆம்பளையான்னு பாப்போம்."